அசூரிலிருந்து கானேஷ் வரை: 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வணிகப் பாதையின் கணக்கு வழக்கு

பழங்கால வணிகப் பாதை என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது பட்டுப் பாதைதான். ஒட்டகம், பாலைவனம், சீனத்துப் பட்டு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். இந்த இதழுக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நமது சங்கச் செயலாளர் கேட்டபோது, அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஆனால் நான் எழுத நினைத்தது அதற்குச் சுமார் 1,700 ஆண்டுகள் முந்தைய ஒரு பாதையைப் பற்றி. அதில் ஒட்டகம் கிடையாது, கழுதைதான். பட்டும் கிடையாது, வெள்ளீயமும் கம்பளித் துணியும்தான். இந்தப் பாதையை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், இதில் நடந்த வணிகர்களின் கணக்குப் புத்தகங்கள் அப்படியே கிடைத்திருக்கின்றன. வாழ்நாளில் பாதியை லெட்ஜரோடு கழித்தவனுக்கு வேறென்ன பிடிக்கும்!

முதலில் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பாதையின் ஒரு முனை அசூர் நகரம். இன்றைய ஈராக்கின் வடபகுதியில், டைக்ரிஸ் நதிக்கரையில் இருந்தது. மறுமுனை கானேஷ். இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், கைசேரி நகருக்கு அருகே குல்தெபே என்ற மண்மேடாக இருக்கிறது. குல்தெபே என்றால் துருக்கி மொழியில் சாம்பல் மேடு என்று பொருள். இரண்டுக்கும் இடையே 1,000 கிலோமீட்டருக்கு மேல். கழுதைகளோடு நடந்து போக ஏறக்குறைய ஆறு வாரம். அசூரிலிருந்து வடமேற்காகப் புல்வெளிகளைக் கடந்து, யூப்ரடீஸ் நதியைத் தாண்டி, டாரஸ் மலைக் கணவாய்கள் வழியாக அனடோலியப் பீடபூமிக்கு ஏற வேண்டும். குளிர்காலத்தில் கணவாய்கள் பனியால் மூடிக்கொள்ளும். அந்த மாதங்களில் போக்குவரத்து இல்லை. இந்த வணிகம் செழித்திருந்த காலம் கி.மு. 1900-ஐ ஒட்டிய இரண்டு மூன்று தலைமுறைகள்.

கானேஷில் மேட்டின் மீது உள்ளூர் அரசனின் கோட்டை. கீழே, மதிலுக்கு வெளியே வணிகர்கள் குடியிருந்த பகுதி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'காரும்'. சொல்லின் மூலப்பொருள் படகுத்துறை. மெசொப்பொத்தாமியாவில் வணிகம் ஆற்றங்கரையில் நடந்ததால் வந்த பெயர். கானேஷில் ஆற்றுத்துறை எதுவும் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. நம் ஊர்ப் 'பேட்டை' என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அனடோலியா முழுவதும் இப்படிச் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 40 பேட்டைகள் இருந்தன. கானேஷ்தான் அவற்றுக்கெல்லாம் தலைமை அலுவலகம்.

இந்த வீடுகளிலிருந்து இதுவரை 22,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் எடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஈர மண்ணில் நாணல் குச்சியால் ஆப்பு வடிவ எழுத்துகளைக் குத்திக் காயவைத்தவை. கோயில் கல்வெட்டும் இல்லை, அரசனின் வெற்றிப் பட்டியலும் இல்லை. கடிதம், கடன் பத்திரம், சரக்குப் பட்டியல், ரசீது, பஞ்சாயத்துத் தீர்ப்பு, திருமண ஒப்பந்தம் இவைதான். கி.மு. 1835 வாக்கில் அந்தப் பேட்டை தீப்பிடித்து எரிந்தது. வீட்டுக்காரர்களுக்கு அது பேரழிவு. காகிதமாக இருந்திருந்தால் அன்றே எல்லாம் போயிருக்கும். மண்பலகைகளோ இடிபாட்டுக்குள் புதைந்து தப்பின. பலவற்றைத் தீ சுட்டுக் கெட்டியாகவும் ஆக்கிவிட்டது.

அனடோலியாவில் செம்பு உண்டு. ஆனால் செம்பு மட்டும் மென்மையானது. பத்துக்கு ஒரு பங்கு என்ற அளவில் வெள்ளீயம் சேர்த்தால்தான் வெண்கலம் ஆகும். அந்தக் காலத்தில் கோடரியும் கத்தியும் ஈட்டியும் எல்லாம் வெண்கலம்தான். (வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம்தான். அடுப்பில் காலியாக வைத்து உருக்கிவிட்ட அனுபவம் பல வீடுகளில் இருக்கும்.) இந்த வெள்ளீயம் கிழக்கே வெகுதூரத்திலிருந்து, ஈரான் பீடபூமிக்கும் அப்பாலிருந்து, பல கை மாறி அசூருக்கு வந்து சேர்ந்தது. அசூர்க்காரர்கள் அதைத் தோண்டவும் இல்லை, உருக்கவும் இல்லை. வாங்கி விற்றார்கள், அவ்வளவுதான். துணி இரண்டு வகை. தெற்கே பாபிலோனியப் பகுதியிலிருந்து வாங்கியது ஒன்று, அசூரின் வீடுகளில் பெண்கள் நெய்தது இன்னொன்று. இவற்றை கானேஷில் விற்று வெள்ளியும் தங்கமும் வாங்கிவருவார்கள்.

ஒரு கழுதைக்கான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடை அளவுகள்: ஒரு மினா என்பது ஏறக்குறைய அரை கிலோ. மினாவில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஷெக்கல், 8 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதல். நம் சவரனுக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு கழுதையின் இரு பக்கமும் 65 மினா வீதம் 130 மினா வெள்ளீயம் கட்டுவார்கள். அதாவது 65 கிலோ. அதற்கு மேலே நாலைந்து துணிகள். 130 மினா என்றால் 7,800 ஷெக்கல் வெள்ளீயம். அசூரில் ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு 14 ஷெக்கல் வெள்ளீயம் கிடைக்கும் என்றால் கொள்முதல் சுமார் 557 ஷெக்கல் வெள்ளி. கானேஷில் அதே ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு 7 ஷெக்கல்தான் கொடுப்பார்கள். அப்படியானால் விற்பனை சுமார் 1,114. விலைகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கின. ஆனாலும் ஒன்றுக்கு இரண்டு என்ற இந்த விகிதம் பொதுவாக நின்றது.

இது மொத்த லாபம்தான். இனி செலவுப் பக்கம் வருவோம். அசூரில் ஏற்றுமதி வரி 120-ல் ஒரு பங்கு. வழியில் உள்ள சிற்றரசர்களுக்குச் சுங்கம், சத்திரக் கூலி, தீவனம் எல்லாம் சேர்த்துச் சரக்கு மதிப்பில் ஏறக்குறைய 10 சதவீதம். கானேஷ் அரண்மனைக்கு வெள்ளீயத்தில் சுமார் 3 சதவீதம், துணியில் 5 சதவீதம். அதற்கு மேல் துணிகளில் பத்தில் ஒன்றை முதலில் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமையும் அரசனுக்கு உண்டு. கழுதை விலை சுமார் 20 ஷெக்கல். கழுதை ஓட்டிகளின் கூலி தனி. எல்லாம் போகவும் போட்ட முதலில் பாதிக்குக் குறையாமல் கையில் நிற்கும் என்று தெரிகிறது. திரும்பும்போது சரக்கு வெள்ளியும் தங்கமும் மட்டும் என்பதால் இத்தனை கழுதைகள் தேவைப்படாது. ஆகவே கழுதைகளையும் கானேஷிலேயே விற்றுவிடுவார்கள். தேய்மானத்துக்கு ஒதுக்கீடே தேவையில்லாத வாகனம்!

எனக்கு மிகவும் பிடித்தது சரக்கை அனுப்பிய முறை. விற்பனைக்கான வெள்ளீயத்தைத் துணியில் சுற்றிக் கட்டி, அசூரில் முத்திரை வைத்துவிடுவார்கள். வழியில் யாரும் அதைத் தொடக்கூடாது. வழிச்செலவுக்குத் தனியாக, முத்திரை இல்லாத உதிரி வெள்ளீயம் கொடுப்பார்கள். அதற்குப் பெயரே 'கை ஈயம்'. போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு எழுத வேண்டும். இந்த ஊரில் இவ்வளவு, அந்தச் சத்திரத்தில் இவ்வளவு, செத்துப்போன கழுதைக்குப் பதில் வேறு வாங்க இவ்வளவு என்று. வங்கியில் முத்திரையிட்ட ரெமிட்டன்ஸ் பெட்டியும், கூடப் போகிறவர் கையில் தனியாகக் கொடுக்கும் வழிச்செலவுப் பணமும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அசூரிலிருந்து அனுப்பியவர் ஒரு கடிதத்தில் சரக்கு விவரம் எழுதி அனுப்புவார். கானேஷில் பெற்றுக்கொண்டவர் அதைச் சரிபார்த்து, விற்ற பிறகு தன் கணக்கைப் பதிலாக எழுதுவார்.

முதல் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். 'நருக்கும்' என்று பெயர், பை என்று அர்த்தம். ஒரு பையில் பலர் பணம் போடுகிறார்கள். அமுர்-இஷ்தார் என்ற வணிகரின் பைக்கான ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. மொத்த முதல் 30 மினா தங்கம், அதாவது சுமார் 15 கிலோ. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து போட்டது. 12 ஆண்டு அவர் அதைக் கொண்டு வணிகம் செய்ய வேண்டும். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. காலம் முடியுமுன் பணத்தைத் திரும்பக் கேட்பவருக்கு லாபம் கிடையாது. முதலும் ஒரு மினா தங்கத்துக்கு 4 மினா வெள்ளி என்ற விகிதத்தில்தான் கிடைக்கும். சந்தையில் அன்று ஒரு மினா தங்கம் ஏறக்குறைய 8 மினா வெள்ளி. ஆக, பாதி மதிப்புப் போய்விடும். பி.காம். படித்தபோது கூட்டுப் பங்கு நிறுவனம் என்பது ஐரோப்பியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கண்டுபிடித்தது போலத்தான் பாடம் இருந்தது. பங்கை வாங்கி விற்கும் சந்தையும் வரையறுத்த பொறுப்பும் அசூரில் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும், நீண்ட கால முதல், பல பங்காளிகள், நடத்துபவருக்குத் தனிப் பங்கு, முன்கூட்டியே விலகினால் அபராதம் என்ற நாலும் அதில் இருக்கின்றன.

வட்டியைப் பாருங்கள். அசூர் வணிகர்களுக்குள் வழக்கமான வட்டி, மினாவுக்கு மாதம் ஒன்றரை ஷெக்கல். நம் பேச்சில் இரண்டரை வட்டி. ஆண்டுக்கு 30 சதவீதம். உள்ளூர் அனடோலியர்களுக்குக் கொடுத்த கடனில் இது இன்னும் கூடுதலாக இருந்தது, சில பத்திரங்களில் இரண்டு மடங்குகூட. கடனைத் திருப்ப முடியாமல் நிலத்தையும் பிள்ளைகளையும் அடமானம் வைத்த உள்ளூர் மக்களும் இதே பலகைகளில் இருக்கிறார்கள். இந்த வணிகர்களை நான் புகழ்ந்துகொண்டே போவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

கடன் பத்திரத்துக்கு ஓர் உறை உண்டு, அதுவும் களிமண்ணால். உள்ளே பத்திரம். அதன் மேல் மெல்லிய மண் உறை போர்த்தி, உறையின் மீதும் அதே விவரத்தை எழுதி, கடன் வாங்கியவரும் சாட்சிகளும் உருளை முத்திரையை உருட்டுவார்கள். முத்திரை உறையில்தான் இருக்கும். உறை முழுதாக இருக்கும்வரைதான் பத்திரத்துக்கு உயிர். பத்திரம் கடன் கொடுத்தவரிடம் இருக்கும். கடன் தீர்ந்தால் அதை வாங்கியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அல்லது உறையை உடைத்துவிட வேண்டும். இதை அவர்கள் 'பலகை செத்தது' என்று சொன்னார்கள். நாங்கள் சிவப்பு மையில் 'கேன்சல்டு' என்று குறுக்கே எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது. சில பத்திரங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தப் பலகையைக் கொண்டுவருபவரே கடன் கொடுத்தவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். 'பேரர்' செக் என்று நாம் சொல்வதன் கருத்து அதில் இருக்கிறது. நமது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-ஆம் ஆண்டு வந்தது. தற்செயலாக, கானேஷ் பலகைகள் கள்ளச்சந்தை வழியாக வெளியுலகுக்குத் தெரியவந்ததும் அதே ஆண்டை ஒட்டித்தான்.

இவ்வளவையும் காப்பாற்றியது எந்தப் பேரரசின் படை என்று கேட்டால், எதுவும் இல்லை. அந்தக் காலத்து அசூர் ஒரு சிறு நகரம். பிற்காலத்தில் படையெடுப்புகளுக்குப் பெயர்போன அசீரியப் பேரரசுக்கு இன்னும் ஆயிரம் ஆண்டு இருந்தது. அசூரின் அரசன் தன்னை அசூர் தெய்வத்தின் காரியஸ்தன் என்றே சொல்லிக்கொண்டான். நகரசபை ஒன்று முடிவுகள் எடுத்தது. ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டுக்கே அவர் பெயரை வைத்தார்கள். வரி வசூலும் அவர் பொறுப்பு. முதலாம் எரிஷும் என்ற அரசன் வெள்ளி, தங்கம், செம்பு, வெள்ளீயம், பார்லி, கம்பளி ஆகியவற்றின் வணிகத்துக்குத் தடை நீக்கியதாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். அனடோலிய அரசர்களோடு இருந்தது ஒப்பந்தம் மட்டும்தான். அவர்கள் எல்லைக்குள் சரக்குக் கொள்ளை போனால் அரசன் ஈடு கொடுக்க வேண்டும். வணிகன் கொல்லப்பட்டால் கொலையாளியைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு வரி. ஒரு விஷயத்தில் மட்டும் நகரசபை கடுமையாக இருந்தது. அசூர்க்காரர்கள் தங்களுக்குள் தங்கம் விற்கலாம், வெளியார் எவருக்கும் விற்கக்கூடாது. மீறினால் மரண தண்டனை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அன்றே தொடங்கிவிட்டது!

கட்டுப்பாடு இருந்தால் கடத்தலும் இருக்கும் அல்லவா? மலைக்குள்ளே ஒரு 'ஒற்றையடிப் பாதை' இருந்தது. சுங்கம் கட்டாமல் போக விரும்புகிறவர்கள் அந்த வழியில் போனார்கள். பெரிய மனிதர்களே அதைப் பயன்படுத்தினார்கள். கானேஷின் முன்னணி வணிகர் புஷூ-கேன் அப்படி மாட்டிக்கொண்டார். வேறொருவர் அவருக்கு அனுப்பிய கடத்தல் சரக்கு பிடிபட்டு, அரண்மனை இவரைப் பிடித்துச் சிறையில் போட்டது. ராணி பக்கத்து ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பிவிட்டாள், காவல் பலமாக இருக்கிறது, எதையும் கடத்தாதே, கையிலிருக்கும் இரும்பை வழியிலேயே நம்பகமான வீட்டில் விட்டுவிட்டு வா என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் இரும்பு வெள்ளியைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது. அந்தக் கடிதத்தில் கடத்தல் தவறு என்று ஒரு வார்த்தை கிடையாது. இப்போது வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

புஷூ-கேன் என்றதும் அவர் மனைவி லமஸ்ஸியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உண்மையில் இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான். கணவர் கானேஷில். லமஸ்ஸி அசூரில் பிள்ளைகளோடு, மாமியார் வீட்டு உறவோடு. வீட்டில் பெண்களையும் பணிப்பெண்களையும் வைத்துத் துணி நெய்து, கழுதைக் கூட்டத்தோடு அனுப்பிக்கொண்டே இருந்தார். எந்த ஆள் கையில் எத்தனை துணி கொடுத்தேன், அதற்கு எவ்வளவு வெள்ளி வந்தது, எதற்கு இன்னும் வரவில்லை என்று அவருடைய கடிதங்கள் ஒரு கணக்கர் எழுதியது போல இருக்கின்றன. துணி அளவைப் பற்றியும் தரத்தைப் பற்றியும் கணவர் குறை சொன்னால், முன்பு நீங்களே வேறு மாதிரி கேட்டீர்களே என்று பதில் எழுதுகிறார். கூடவே வேறொன்றும் வருகிறது. நீங்கள் போன பிறகு ஷாலிம்-அஹும் வீட்டைப் பெரிதாகக் கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டுவோம் என்று ஒரு கடிதத்தில் கேட்கிறார். இந்த ஷாலிம்-அஹும், கணவரோடு வணிகத் தொடர்பு உள்ள அசூர்ப் பெரும்புள்ளி. இன்னொரு கடிதத்தில், நம் பெண் பெரியவளாகிவிட்டாள், கிளம்பி வாருங்கள், அவளைத் தெய்வத்தின் மடியில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள் என்று அழைக்கிறார். பெண்ணைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடுவது அங்கே வசதியான குடும்பங்களின் வழக்கம்.

தாராம்-கூபி என்ற இன்னொரு பெண்மணியின் நிலை இதைவிட மோசம். கணவர் இன்னாயா கானேஷில் இருக்கிறார். போகும்போது ஒரு ஷெக்கல் வெள்ளிகூட விட்டுவைக்காமல் வீட்டைத் துடைத்து எடுத்துப் போய்விட்டீர்கள், நீங்கள் போன பின் நகரத்தில் கடும் பஞ்சம், பார்லி வாங்கியே நான் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன், நான் ஊதாரித்தனம் செய்கிறேன் என்று எழுதுகிறீர்களே, எது ஊதாரித்தனம் என்று அவர் கேட்கிறார். நெய்த துணிகளுக்கான பணத்தை அனுப்புங்கள், பிள்ளைகளுக்கு உணவு வாங்க வேண்டும் என்கிறார்.

1980-களில் கடலோரச் சிறிய ஊர் ஒன்றின் கிளையில் நான் கௌன்ட்டரில் இருந்தேன். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களின் மனைவிமார் டிராஃப்டோடு வருவார்கள். ஒரு பெண்மணி மாதம் இரண்டு முறை வருவார். டிராஃப்ட் இருக்காது. "கணக்குல ஏதாச்சும் வந்திருக்கா சார்?" என்று மட்டும் கேட்பார். பாஸ்புக்கை நீட்டுவார். பதிய எதுவும் இல்லாத புத்தகத்தில் நான் தேதி முத்திரை மட்டும் குத்திக் கொடுப்பேன். அவர் கேட்டதால்தான், வந்துபோனதற்கு அத்தாட்சியாக. யாரிடம் காட்டுவதற்கோ எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. தாராம்-கூபியின் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது அந்தப் பாஸ்புக்தான் நினைவில் வந்தது.

கானேஷில் ஆண்டுக்கணக்கில் தங்கிய ஆண்கள் பலர் அங்கேயே உள்ளூர்ப் பெண்ணையும் மணந்தார்கள். அதற்கும் ஒப்பந்தம் உண்டு. அசூரில் ஒரு மனைவி, அனடோலியாவில் ஒரு மனைவி, ஒரே தகுதியில் இருவர் கூடாது, ஒரே ஊரில் இருவரும் கூடாது என்பது விதி. விலக்கிவிட்டுப் போனால் கொடுக்க வேண்டிய வெள்ளி இவ்வளவு என்று பத்திரத்திலேயே எழுதப்பட்டது. அசூரில் இருந்த மனைவி இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று யோசித்தால் பதில் சொல்ல எதுவும் இல்லை. ஏனென்றால் அசூரில் இந்தக் காலத்து வணிகர் வீடுகளின் ஆவணங்கள் கிடைக்கவில்லை. வால்டர் ஆந்த்ரே என்ற ஜெர்மானியர் 1903 முதல் 1914 வரை அங்கே விரிவாகத் தோண்டினார். பிற்காலக் கோயில்கள், அரண்மனைகள் எல்லாம் வந்தன. இந்த வணிகர்களின் வீடுகள் அடியில் எங்கோ. ஆகவே மனைவிகள் எழுதியது நம் கையில் இருக்கிறது. கணவர்கள் எழுதியனுப்பியது, அவர்களே வைத்துக்கொண்ட நகல்கள் தவிர, அநேகமாக இல்லை. பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும்.

புஷூ-கேன் இறந்த பின் பிள்ளைகளுக்குள் சொத்து, கடன் வழக்குகள் தொடர்ந்தன. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட அவருடைய மகள் அஹஹா, தன் பணம் என்ன ஆயிற்று என்று அசூரிலிருந்து சகோதரர்களுக்கு எழுதினார். இந்த வணிகத்தில் பெண்களும் சொந்தப் பணம் போட்டார்கள், கடன் கொடுத்தார்கள், முத்திரை வைத்தார்கள். அவர்களுக்கு வணிகம் தெரியாது என்று நினைத்தவர் அஹஹாவின் அண்ணன் தம்பிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பலகைகள் வெளியே வந்த கதையும் சுவையானது. 1880-களில் கைசேரி பக்கத்திலிருந்து விசித்திரமான எழுத்துள்ள பலகைகள் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. எங்கிருந்து என்று விற்றவர்கள் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் வந்து மேட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. 1925-ல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி வந்தார். ஹிட்டைட் மொழியைப் படித்துக்காட்டிய செக் நாட்டு அறிஞர் இவர். இவரும் மேட்டைத்தான் தோண்டினார். கடைசியில் அவருடைய வண்டிக்காரர் உண்மையைச் சொன்னதாகக் கூறுவார்கள். ஊர்மக்கள் பலகை எடுத்துக்கொண்டிருந்தது மேட்டில் அல்ல, அதன் அடியில் இருந்த வயலில். ஹ்ரோஸ்னிக்கு அங்கே சுமார் ஆயிரம் பலகைகள் கிடைத்தன. அதற்குள் பல ஆயிரம் பலகைகள் கைமாறி உலகெங்கும் சிதறிவிட்டன. எந்த வீட்டில், எந்த அறையில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற விவரம் இல்லாமல் போன வவுச்சர்கள் அவை. 1948-லிருந்து துருக்கியின் தாஹ்சின் ஓஸ்குச் முறையான அகழாய்வைத் தொடங்கி, 2005-ல் இறக்கும்வரை நடத்தினார். வீடு வீடாகப் பலகைகளைப் பிரித்துப் பதிவு செய்தது அந்தக் காலத்தில்தான். பணி இன்னும் நடக்கிறது. 2015-ல் யுனெஸ்கோ இந்த ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஹிட்டைட் மக்கள் தங்கள் மொழியை அழைத்த பெயரே இந்த ஊரின் பெயரிலிருந்து வந்தது. கானேஷுக்கு நேசா என்றும் பெயர். வணிகர்களின் பலகைகளில் புகுந்த சில உள்ளூர்ச் சொற்கள்தான் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்று. இது மொழியியல் படித்தவர்கள் எழுத வேண்டிய தனிக் கட்டுரை, எனக்கு எட்டாது.

வணிகவியல் பக்கம் ஒரு செய்தி சொல்லலாம். பலகைகளில் வரும் ஊர்ப் பெயர்களில் பல இன்று எங்கே இருந்தன என்று தெரியாது. 2019-ல் நான்கு ஆய்வாளர்கள், அவர்களில் மூவர் பொருளாதார வல்லுநர்கள், சுமார் 12,000 பலகைகளில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே எத்தனை முறை சரக்கு போனது என்று எண்ணினார்கள். தூரம் கூடினால் வணிகம் குறையும் என்ற கணக்கைப் பின்புறமாகப் போட்டு, வணிக அளவிலிருந்து தூரத்தைக் கண்டுபிடித்து, தொலைந்த ஊர்கள் இருக்கக்கூடிய இடங்களை வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள். சரக்குப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடிப்பது! பல இடங்கள் வரலாற்று அறிஞர்கள் ஏற்கெனவே ஊகித்த இடங்களுக்குப் பக்கத்திலேயே வந்தன.

இன்னும் படித்து வெளியிடப்படாத பலகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சில இன்றும் மண் உறைக்குள்ளேயே, முத்திரை உடையாமல் இருக்கின்றன. முன்பெல்லாம் உள்ளே இருப்பதைப் படிக்க உறையை உடைப்பார்கள். இப்போது எக்ஸ்ரே ஸ்கேனர் வந்திருக்கிறது, உடைக்காமலே உள்ளெழுத்தைப் படிக்கலாம். கடன் கொடுத்தவர் வீட்டில் உறையோடு கிடைத்த கடன் பத்திரம் என்றால், அந்த வீடு எரிந்த அன்று அது வசூலாகாத கடன். இரண்டரை வட்டியில் இன்றுவரை எவ்வளவு ஆகியிருக்கும் என்று நம் காலனிக் குழந்தைகள் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தனி வட்டிதான் போட வேண்டும். கூட்டு வட்டி போட்டால் கால்குலேட்டர் தாங்காது.